மலையடிவாரத்துச் செம்மண் பாதைகள்
(பரிசளிப்பு விழாவில் ஓர் ஆசிரியர் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று என்னைப் பணித்தார்கள். நான் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன். கையில் இருப்பது பயிற்சிச் சான்றிதழ் ஒன்றுதான். ஆகவே எனக்குத் தெரிந்த சைக்கிளைப் பற்றிப் பேசுகிறேன். "என்ன சார், சைக்கிள் ஓட்டறதுக்குக்கூட ஒரு சொற்பொழிவா?" என்று பின்வரிசையில் சிரிப்பவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

இன்று உலகமெங்கும் 'கிரேவல் சைக்கிள்' என்ற ஒன்று பரவி வருகிறது. கிரேவல் என்றால் சரளைக்கல். தார் போடாத மண் சடக்கிலும் சரளைச் சடக்கிலும் நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்ட சைக்கிள் அது. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற சிற்றூரில், சரளைச் சடக்கிலேயே 200 மைல் ஓட்டும் பந்தயம் தொடங்கியது. 2022-இல் இத்தாலியில் இதற்கென முதல் உலக வெற்றியாளர் போட்டியே நடந்தது. பழைய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "இதைத்தானேப்பா நாங்க தினமும் விடியக்காலையிலே பெரட்டுக்குப் போறப்போ செஞ்சோம்! எங்களுக்கு எவன் கோப்பை கொடுத்தான்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். காற்றடைத்த டயருக்கு ஜான் டன்லப் உரிமம் பெற்றது 1888-ஆம் ஆண்டு. அதே 1888-இல்தான் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்க ஹென்றி ரிட்லி வந்து சேர்ந்தார். மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைக் கண்டு, ரப்பரைப் பயிரிடுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னவர் அவர். முதலில் சைக்கிளுக்கும் பிறகு மோட்டார் காருக்கும் டயர் வேண்டியிருந்தது. டயருக்குப் பால் வேண்டியிருந்தது. பாலுக்கு ஆள் வேண்டியிருந்தது. நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்த கதை அந்தச் சைக்கிள் சக்கரத்திலிருந்தே தொடங்குகிறது எனலாம். சைக்கிள் நமக்கு அந்நியப் பொருள் அன்று.

இனி நம் பாலிக் புலாவுக்கு வருவோம். தீவின் மறுபக்கம் என்பதே அப்பெயரின் பொருள். கிழக்கே ஜார்ஜ்டவுன் பட்டணம், நடுவே 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலைத் தொடர், மேற்கே நாம். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இத்தீவில் கால் வைத்த பின் சாதிக்காயும் கிராம்பும் இங்கே பயிராயின. பிறகு ரப்பர் வந்தது. இன்று டுரியான் பேர் வாங்கித் தருகிறது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளைக் கொண்டே பினாங்கின் சாலைகள் பல அன்று போடப்பட்டன. அந்த உழைப்பாளிகளின் பெயர்கள் எந்தச் சடக்கின் பலகையிலும் இல்லை.

எங்கே ஓட்டுவது? மூன்று படிகளாகச் சொல்கிறேன்.

முதற்படி சமவெளி. பாலிக் புலாவ் பட்டணத்திலிருந்து மேற்கே சுங்கை பூரோங் பக்கம் வயல்கள் இருக்கின்றன. வாய்க்கால் கரைகளிலும் கம்பத்துச் சந்துகளிலும் ஓட்டிக்கொண்டே புலாவ் பெத்தோங் மீனவர் கிராமம் வரை போய் வரலாம். ஏற்றம் இல்லை. முதன்முதலாக ஓட்டுகிற பிள்ளைக்கு இதுவே பள்ளிக்கூடம்.

இரண்டாம் படி மலையடிவாரம். போன்டோக் உப்பே பக்கமும் சுங்கை பினாங் பக்கமும் டுரியான், சாதிக்காய்த் தோட்டங்களுக்குள் ஒற்றையடிச் சிமெண்டுச் சந்துகளும் செம்மண் பாதைகளும் ஏறுகின்றன. கூடை கட்டிய மோட்டார் சைக்கிள் பழம் இறக்குவதற்காகப் போட்ட பாதைகள் இவை. ஏற்றம் செங்குத்தாக இருக்கும். இறங்கித் தள்ளுவதில் வெட்கமே வேண்டாம்.

மூன்றாம் படி பெரியவர்களுக்கு. சுங்கை பினாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாகத் தெலுக் பகாங் போகும் மலைச்சாலை. தார்ச் சாலைதான், ஆனால் வளைவு நிறைய, வண்டியும் நிறைய. தீவைச் சுற்றி சுமார் 70 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் இவ்வழியே வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் இதற்கு அவசரப்பட வேண்டாம்.

மண்ணை அறியாமல் மண் பாதையில் ஓட்டக் கூடாது. பினாங்கு மலைகள் கருங்கல் மலைகள். வெயிலும் மழையும் கருங்கல்லைப் பல்லாயிரம் ஆண்டுகளாக உளுக்க வைக்கும்போது அதன் ஒரு பகுதி களிமண்ணாகிறது. உளுக்காத பகுதி பருமணலாக நின்றுவிடுகிறது. ஆகவே மழை பெய்த மறுநாள் களிமண் வழுக்கும். காய்ந்த நாளில் பருமணல் சக்கரத்தின் கீழ் உருளும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறக்கத்தில் உடலைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, முன் பிரேக்கை மெதுவாகவும் பின் பிரேக்கையும் சேர்த்தும் பிடியுங்கள். வழக்கமாகச் செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரியில் குறைவு. காலையிலேயே புறப்பட்டு, மதியம் இடி இடிப்பதற்குள் வீடு வந்து சேர வேண்டும்.

"அதுக்கெல்லாம் ஆயிரக்கணக்கிலே வெள்ளி ஆகுமே சார்?" என்று அம்மாமார் கேட்பது என் காதில் விழுகிறது. கிரேவல் சைக்கிள்தான் வேண்டும் என்பதில்லை. பந்தயச் சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம். கிரேவல் டயர் 38, 40, 45 மில்லிமீட்டர் என்று போகும். அகலம் கூடினால் காற்றைக் குறைத்து ஓட்டலாம். டயர் கல்லின் மேல் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். சாதாரண மலைச் சைக்கிளில் இதைவிட அகலமான டயரே இருக்கிறது. அது போதும். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா, செயின் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, தலைக்கவசமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டால் சரி.

மாணவர்களே, இதிலே கணக்கும் இருக்கிறது. முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் 20 பல் என்றால், பெடலை ஒரு சுற்று மிதிக்கும்போது சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். பின்னால் 40 பல்லுக்கு மாற்றினால் ஒரு சுற்றுதான். தூரம் பாதி, பாரமும் பாதி. மலையை மெதுவாக ஏறுகிறவன் தோற்றவன் அல்லன்; கணக்குத் தெரிந்தவன்.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மலையடிவாரப் பாதைகளில் பல, ஒருவருடைய தோட்டத்துக்குள் போகிறவை. வாசலில் ஆள் இருந்தால் இறங்கி நின்று, "தும்பாங் லாலு, பாக்சிக்" என்று கேட்டுவிட்டுப் போங்கள். கதவு பூட்டியிருந்தால் திரும்புங்கள். டுரியான் விழும் மாதங்களில் தோட்டத்துப் பக்கமே போகாதீர்கள். அது அவர்களுடைய ஆண்டு வருமானம். தலைக்கவசமும் டுரியானுக்குத் தாங்காது! கேட்டுப் போகிற பையனுக்குச் சில வேளை ஒரு பழமும் கிடைக்கும். கேட்காமல் போகிறவனால் அடுத்து வருகிற பத்துப் பேருக்குப் பாதை அடைபடும்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன்? 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி, விடிவதற்கு முன்பே, ஜொகூர்பாருவில் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த எட்டுச் சிறுவர்கள் கார் மோதி மாண்டார்கள். 'பாசிகால் லாஜாக்' என்று மாற்றிக் கட்டிய சைக்கிள்கள் அவை. நாடே அழுதது, நாடே திட்டவும் செய்தது. ஆனால் வேகத்தையும் நண்பர் கூட்டத்தையும் தேடுவது பிள்ளைகளின் இயல்பு அல்லவா? அதற்கு நாம் எந்த இடத்தைக் காட்டினோம்? "ஓட்டாதே" என்று சொல்லத் தெரிந்த நமக்கு, "இங்கே ஓட்டு, நானும் வருகிறேன்" என்று சொல்லத் தெரியவில்லை.

காட்டுவதற்குரிய இடமும் நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. தோட்டங்கள் கைமாறுகின்றன, மலைச்சரிவில் வீடுகள் எழுகின்றன. 2017 நவம்பர் புயல்மழையில் கொடிமலையின் ஜீப் சடக்கு பல இடங்களில் சரிந்தது. 2018 அக்டோபரில் பாயா தெருபோங் அருகே புக்கிட் குக்குசில் சாலை வேலை நடந்த இடத்தில் மண் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். மலையை அறியாதவனுக்கு அதன் மேல் அக்கறை வராது. 2021-இல் யுனெஸ்கோ பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றிருக்கிறது. அந்தப் பெருமையைப் பட்டணத்துப் பலகையில் படிப்பதைவிட, வியர்வை சிந்தி அதன் அடிவாரத்தில் ஏறுகிற பிள்ளைக்கு அது நன்றாக விளங்கும்.

முருகையன் குமரேசன் என்ற நம்மவர் 1980-களில் மலேசியாவுக்காகச் சைக்கிள் ஓட்டி ஒலிம்பிக் வரை சென்றார். உங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒலிம்பிக் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வரும் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை, காலை ஏழரைக்கு, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் சுங்கை பூரோங் வயல்வெளிக்குப் போகலாம் என்று தலைமையாசிரியர் அவர்களிடம் விண்ணப்பித்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையுடனும் தகப்பனாரோ, மாமாவோ, அண்ணனோ ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அம்மாமார் வந்தால் இன்னும் நல்லது. வீட்டுப் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிளை இன்றைக்கே வெளியே எடுத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, டயருக்குக் காற்றடித்துப் பாருங்கள். ஓட்டை இருந்தால் சொல்லியனுப்புங்கள். ஒட்டுப்போட என்னிடம் ரப்பரும் பசையும் இருக்கின்றன.