வில்லோடு தூணியா, தூணி தனியா?



அம்பறாத்தூணி என்ற சொல் தமிழர் காதுக்குப் புதியதன்று. அம்பு அறாத தூணி, அதாவது எடுக்க எடுக்கக் குறையாதது. காண்டவ வனம் எரிவதற்கு முன் அக்கினி தேவன் அர்ச்சுனனுக்குக் காண்டீபத்தோடு பெற்றுத் தந்தவை அப்படிப்பட்ட இரண்டு தூணிகள். கோயில் சிற்பத்தில் இராமபிரானின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதும் தூணிதான்.

இன்று அமெரிக்கக் காடுகளில் வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போகிறவரின் தூணியில் நாலைந்து அம்புகளே இருக்கும். அது அவருடைய முதுகில் தொங்குவதும் இல்லை. பெரும்பாலும் வில்லிலேயே மாட்டப்பட்டிருக்கும். வேட்டை நேரத்தில் அதை அப்படியே விட்டுவைப்பதா, கழற்றி வைப்பதா? அங்குள்ள வேட்டைக்காரர்கள் ஓயாமல் வாதிடும் கேள்வி இது.

இதிலென்ன இருக்கிறது, அவரவர் வசதி என்று தோன்றலாம். ஆனால் அம்பு பட்ட மான் சில நொடிகளில் விழுகிறதா, வயிற்றில் காயத்தோடு இரவெல்லாம் அலைந்து சாகிறதா என்பது சில வேளைகளில் இந்தச் சின்ன விஷயத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. வேட்டையே கூடாது என்பவர்கள் உண்டு. அது வேறு வழக்கு. வேட்டை நடக்கிற இடத்தில் அது எப்படி நடக்கிறது என்பதே இங்குள்ள பேச்சு.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1911ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு அருகே, யாஹி இனத்தின் கடைசி மனிதரான இஷி காட்டைவிட்டு வெளியே வந்தார். சான் பிரான்சிஸ்கோ நகரில் அவரிடம் வில்வித்தை கற்றவர் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர். இஷி வைத்திருந்த தூணி நீர்நாய்த் தோலால் ஆனது. 1916இல் இஷி காசநோயால் மறைந்தார். போப் 1923இல் வெளியிட்ட நூல் அமெரிக்கர்களுக்கு வில் வேட்டையில் புதிய ஆசையை மூட்டியது. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனி மான் வேட்டைக் காலத்தை ஒதுக்கியது.

முதுகுத் தூணி பார்க்க அழகுதான். ஆனால் புதரில் குனிந்து நடந்தால் இறகுகள் கிளையில் மாட்டும். அம்புகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்பெடுக்கக் கையைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். மானின் கண் அசையாத மனிதனைத் தவறவிடும், அசைகிற கையைத் தவறவிடாது. 1940களில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிரெட் பேர் தூணியை வில்லிலேயே பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். அம்பு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. 1969இல் ஹோலிஸ் வில்பர் ஆலன் உருளைகள் வைத்த காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். வில் மாறியது, தூணி வில்லிலேயே தங்கிவிட்டது.

சீ விளையாட்டுப் போட்டியில் வில்வித்தையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அங்கே எவருடைய வில்லிலும் தூணி இராது. எல்லாருக்கும் இடுப்பில்தான். மலேசியக் காடுகளில் சும்பிட் ஊதுகுழலால் வேட்டையாடும் பூர்வகுடி மக்களும் விஷமுனை ஊசிகளை மூங்கில் தூணியில் போட்டு இடுப்பிலேயே கட்டிக்கொள்கிறார்கள். என்ன காரணம்? குறிபார்க்கும் கருவியில் வேறு பாரம் எதற்கு என்பதுதான்.

அந்தப் பாரம் அதிகமில்லை. ஓர் அம்பு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம். தூணிச் சட்டம் தனி. ஆனால் பாரம் முழுவதும் வில்லின் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. வலக்கைக்காரரின் வில் வலப்பக்கம் சாயப் பார்க்கும். வில் சாய்ந்த பக்கம் அம்பும் போகும். 15 மீட்டரில் இது தெரியாது. 40 மீட்டரில் நன்றாகவே தெரியும். வயோமிங் போன்ற வெட்டவெளியில் காற்றடித்தால் தூணியில் நிற்கும் இறகுகள் பாய்மரம்போல் வில்லைத் தள்ளும்.

அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு சத்தம். நாணை விட்டதும் வில் அதிர்கிறது. தளர்ந்த தூணியும் சேர்ந்து கடகடக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நல்ல காம்பவுண்ட் வில்லின் அம்பு நொடிக்கு 85 மீட்டர் அளவில்தான் போகும். மான் 27 மீட்டரில் நின்றால் அம்பு வருவதற்குக் கால் நொடி முன்பே சத்தம் வந்துவிடுகிறது. திடுக்கிட்ட மான் பாய்வதற்காக முதலில் கால்களை மடக்கித் தாழ்கிறது. நெஞ்சைக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே பறக்கிறது. அல்லது நுரையீரலைத் தொடாமல் முதுகுச் சதையில் பாய்கிறது. அந்த மான் ஓடிவிடும். பிறகு விளக்கு வெளிச்சத்தில் இலை இலையாக இரத்தத் துளி தேட வேண்டியதுதான்.

அப்படியானால் கழற்றிவிட வேண்டியதுதானே? பரணில் உட்கார்ந்து வேட்டையாடுகிறவருக்கு ஆம் என்றே சொல்லலாம். அக்டோபர் முதல் தேதி மிச்சிகனில் வில் வேட்டை திறக்கும்போது, பலர் மரத்தில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் கட்டிய பரணில்தான் காத்திருக்கிறார்கள். ஏறும்போது அம்பு தொடுத்திருக்கக் கூடாது. வில்லைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்க வேண்டும். அம்பு முனை சவர அலகுபோல் கூர்மையானது என்பதால் தூணியின் மூடி அதை முழுக்க மறைத்திருக்க வேண்டும். மேலே போனதும் தூணியைக் கழற்றி, உடம்பைத் திருப்பாமல் கை எட்டும் கொக்கியில் மாட்டிவிட்டால் வில் இலேசாகும். பைக்குள் போட்டுவிட்டு உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் அம்பு தேவைப்படும்போது அவர்கள் பட்டைத் திறந்துகொண்டிருப்பார்கள்.

கொலராடோ மலைகளில் எல்க் மானைப் பின்தொடர்ந்து நடக்கிறவர் கதை வேறு. அவர் தூணியைக் கழற்றி எங்கே வைப்பார்? பாறையோரம் வைத்துவிட்டுத் தவழ்ந்து போனால், மான் நகர்ந்த பக்கம் அவரும் நகர்வார். தூணி பாறையோரமே இருக்கும். அவருக்கு வில்லோடு இருக்கும் தூணிதான் சரி. திருகுகளை இறுக்கி, அம்புகள் ஆடாமல் பிடிக்கும் இரப்பர் பற்றுகளைச் சரிபார்த்தால் சத்தம் பெரிதும் அடங்கிவிடும். மறுபக்கம் சிறு எடை ஒன்றைப் பூட்டிச் சாய்வையும் சரிசெய்யலாம்.

ஆக, தூணி எங்கே இருக்கிறது என்பதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. கோடை முழுவதும் வீட்டு முற்றத்தில் தூணியில்லா வில்லால் பழகிவிட்டு, வேட்டையன்று ஐந்து அம்புகளோடு தூணியைப் பூட்டிக்கொண்டு புறப்படுவது! அந்த வில் அவர் பழகிய வில் அன்று. மாட்டியபடி வேட்டையாடுகிறவர் மாட்டியபடியே பழக வேண்டும். அதிலும் ஐந்து அம்பு கொள்ளும் தூணியில் நான்கை வைத்துத்தான் பழக வேண்டும், ஏனென்றால் முதல் எய்தலின்போது ஐந்தாவது அம்பு நாணில் இருக்கும். கழற்றுகிறவர் அந்தக் கழற்றலையே சத்தமின்றிச் செய்ய இருட்டில் பழகியிருக்க வேண்டும்.

பரண்காரர்களுக்கு இன்னொன்று. அம்பு பட்டு மான் ஓடியதும், நெஞ்சில் பட்டது என்று தெரிந்தாலும் அரை மணி நேரமாவது காத்திருந்துதான் இறங்குவார்கள். வயிற்றில் பட்டிருந்தால் பல மணி நேரம். அந்தப் பரபரப்பில் தூணியைக் கொக்கியிலேயே மறந்துவிட்டு இறங்குவது எளிது. நூறு மீட்டர் தள்ளி மான் படுத்திருக்கும். தலை இன்னும் தூக்கியிருக்கும். அப்போது தேவைப்படுகிற அம்பு மரத்தின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும்.