பிடித்து வைத்த பணமும் எடுத்துக்கொண்ட பணமும்

(மூக்கண்டப்பள்ளியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிரெடிட் கார்டைப் பற்றிப் பேசச் சொல்லி செயலாளர் கேட்டுக்கொண்டார். "வட்டி, கடன்னு பயமுறுத்தாதீங்க சார். கப்பல்ல போய்ட்டு வந்தவங்க எல்லாரும் ரெண்டு தடவை பணம் புடிச்சிட்டான்னு புலம்புறாங்க, அதை மட்டும் விளக்குங்க" என்றார். வங்கி கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

ஒரு காலத்தில் ஓசூர்க்காரனுக்குச் சுற்றுலா என்றால் ஒகேனக்கல், மிஞ்சினால் ஊட்டி. இப்போது நிலைமை வேறு. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் புறப்பட்டது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து வைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை வரை போய் வந்தது. சிங்கப்பூர் போய் அங்கிருந்து பெரிய கப்பல் ஏறுகிறவர்களும் நம்மில் உண்டு. அப்படிப் போய்வந்த ஒரு நண்பருக்கு நேர்ந்ததைச் சொன்னால் விஷயத்தின் கனம் புரியும்.

ஊர் திரும்பிய நாலாம் நாள் அவருடைய தாயாருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒரு லட்சம் முன்பணம் கட்டச் சொன்னார்கள். கார்டை நீட்டினார், ஏற்கவில்லை. மறுபடி தேய்த்தார்; அப்போதும் இல்லை. லிமிட்டோ ஒன்றரை லட்சம், கப்பலில் செலவானதோ இருபத்தெட்டாயிரம். "மீதி எங்கே போச்சு?" என்று அந்த ராத்திரியில் யாரிடம் கேட்பது? மைத்துனர் ரொக்கமாகக் கொண்டுவந்து கட்டினார். அம்மா நலமாகத் திரும்பினார். பணமும் எங்கும் போகவில்லை. பிடித்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த ராத்திரி அது இருந்தும் இல்லாத பணம்.

இங்கே சிப்காட்டில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஒரு வேலைக்காக நூறு பேரிங் ஒதுக்கி வைக்கிறீர்கள். பேரிங் ரேக்கில்தான் இருக்கிறது, இஷ்யூ ஆகவில்லை. ஆனால் வேறு லைன்காரர் வந்து கேட்டால் "அது ரிசர்வ் ஆயிடுச்சுங்க" என்கிறீர்கள். பிறகு எண்பதுதான் தேவைப்பட்டது என்று இஷ்யூ ஸ்லிப் வருகிறது. எண்பதைக் கொடுத்துவிட்டு மிச்சம் இருபதின் ஒதுக்கீட்டை யாராவது ரத்து செய்ய வேண்டும். செய்யாவிட்டால்? சரக்கு ரேக்கில் தூங்கும், லைன் நிற்கும். கார்டில் "பெண்டிங்" என்று காட்டுவது இந்த ஒதுக்கீடு. ஸ்டேட்மெண்டில் ஏறுவது இஷ்யூ.

பங்கு வாங்கி விற்கிற தம்பிகளுக்கு வேறு உதாரணம். புதுப் பங்குக்கு விண்ணப்பித்தால் இப்போது பணம் கணக்கை விட்டுப் போவதில்லை. கணக்கிலேயே முடக்கி வைக்கப்படுகிறது. செபி 2008-இல் கொண்டுவந்த இந்த முறை, 2016 ஜனவரி முதல் எல்லா முதலீட்டாளருக்கும் கட்டாயமானது. பங்கு கிடைத்தால் எடுப்பார்கள், கிடைக்காவிட்டால் விடுவிப்பார்கள். கப்பல்காரர் செய்வதும் இதே காரியம்தான்.

இது புதிய தந்திரமும் அல்ல. இந்தியாவில் சென்ட்ரல் பேங்க் 1980-இல் கார்டு வெளியிட்டது. அந்தக் காலத்துக் கார்டு மெஷின் ஞாபகம் இருக்கிறதா? கார்பன் ஸ்லிப்பை வைத்து 'சரக் சரக்' என்று இழுப்பார்கள். பெரிய ஓட்டலில் ரூம் போடும்போதே கார்டை இழுத்து, தொகை எழுதாத ஸ்லிப்பை வாங்கி வைத்துக்கொள்வார்கள். காலி செய்யும் நாளில் தொகையை நிரப்புவார்கள். அந்த வெற்று ஸ்லிப் இன்று கம்ப்யூட்டர் வழியாக வருகிறது. அதன் பெயர் 'ஹோல்டு'.

கப்பலில் இது ஏன் கூடுதலாகப் படுத்துகிறது? கப்பலுக்குள் ரொக்கம் புழங்குவதில்லை. ஏறும்போதே உங்கள் கார்டைப் பதிவு செய்து, ரூம் சாவி மாதிரி ஒரு அட்டை கொடுத்துவிடுவார்கள். காப்பி, போட்டோ, கரையில் சுற்றிப்பார்க்கும் டூர் எல்லாம் அந்த அட்டையில் ஏறும். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதல் நாள் யாருக்கும் தெரியாது. கடைசி நாள் காலையில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். அப்போது ஒவ்வொருவரிடமும் வசூல் செய்ய முடியாது. அதனால் ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கச் சொல்கிறார்கள். செலவு அதைத் தாண்டினால் மேலும் ஒதுக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் உங்கள் போனில் ஒரு மெசேஜ்.

நண்பரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதல் நாள் ஒதுக்கீடு 20,000 ரூபாய். மூன்றாம் நாள் மேலும் 15,000. ஆக 35,000. இறுதி பில் 28,000. ஒழுங்காக நடந்தால் 28,000 கணக்கில் ஏறும், 35,000 ஒதுக்கீடு மறையும், லிமிட்டில் 1,22,000 மிச்சம் இருக்கும். இறுதி பில், முந்தைய ஒதுக்கீட்டின் அடையாள எண்ணோடு வந்து சேர்ந்தால்தான் வங்கியின் கம்ப்யூட்டர் இரண்டையும் ஜோடி சேர்க்கும். சேராவிட்டால் பில்லும் நிற்கும், ஒதுக்கீடும் நிற்கும். 28,000-உம் 35,000-உம் சேர்ந்து 63,000 போய்விடும். மிச்சம் 87,000. ஒரு லட்சம் கேட்ட ஆஸ்பத்திரியில் கார்டு ஏற்கப்படாத காரணம் இதுதான்.

கேட்டால் வங்கி "கப்பல்காரர் விடுவிக்கணும்" என்கிறது. கப்பல்காரர் "நாங்க அனுப்பிட்டோம், உங்க பேங்க்தான்" என்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை. வேண்டாத ஒதுக்கீட்டை ரத்து செய்து தகவல் அனுப்புவது கப்பல்காரரின் கடமை. அது வராவிட்டால், காலக்கெடு முடிந்ததும் ஒதுக்கீடு தானாக உதிர்ந்துவிடும். கடைச் சாமானுக்கு அந்தக் கெடு சில நாட்கள். ஓட்டல், வாடகைக் கார், கப்பல் ஆகியவற்றுக்குக் கார்டு நிறுவனங்களின் விதிகள் ஒரு மாதம் வரைகூட இடம் தருகின்றன.

ஒரு ஆறுதல். ஒதுக்கி வைத்த தொகைக்கு வட்டி கிடையாது. அது கடனாகவே மாறவில்லை. ஸ்டேட்மெண்டில் ஏறிய தொகையைக் கட்டினால் போதும். இதெல்லாம் கிரெடிட் கார்டுக்கு. டெபிட் கார்டைக் கொடுத்திருந்தால் கதை வேறு. அங்கே முடங்குவது லிமிட் அல்ல, உங்கள் சம்பளம். அஞ்சாம் தேதி வீட்டுக் கடன் இ.எம்.ஐ. எடுக்க வரும்போது இருப்புப் போதாமல் திரும்பும். அதற்கு அபராதம், கடன் வரலாற்றில் கறை. ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம் இப்படி மாட்டக் கூடாது. ஆகவே கப்பலிலும் ஓட்டலிலும் டெபிட் கார்டைப் பதிவு செய்யாதீர்கள். கிரெடிட் கார்டு இல்லையென்றால், ரொக்கமாக முன்பணம் கட்ட வழி உண்டா என்று ஏறுமுன்னே கேளுங்கள். 'கையில காசு, வாயில தோசை' என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இன்னொரு குழப்பம், தொகை மாறுவது. கப்பல் கணக்கு டாலரிலோ சிங்கப்பூர் வெள்ளியிலோ இருக்கும். ஒதுக்கிய நாளின் மாற்று விகிதம் ஒன்று, கணக்கில் ஏறிய நாளின் விகிதம் வேறு. அதன்மேல் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. சில நூறு ரூபாய் வித்தியாசம் வந்தால் உடனே திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம்.

"தோல்வியுற்ற பரிவர்த்தனைன்னா அஞ்சு நாள்ல பணம் வரணும், இல்லேன்னா தினம் நூறு ரூபாய் தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கே?" என்று ஒரு தம்பி கேட்டார். உண்மைதான், 2019 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சுற்றறிக்கை அது. ஆனால் அது உள்நாட்டில் நடந்து, தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு. கப்பலின் ஒதுக்கீடு தோல்வியடைந்தது அல்ல. வெற்றிகரமாக நடந்து, முடிவுக்குக் காத்திருப்பது. அந்த விதியைக் காட்டிச் சண்டை போட்டால் பலன் இருக்காது.

சரி, என்ன செய்யலாம்?

ஒன்று: பதிவு செய்யும்போதே "எவ்வளவு ஹோல்டு போடுவீங்க, எப்போ விடுவீங்க?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: கடைசி ராத்திரியே இறுதி பில்லைக் கேட்டு வாங்குங்கள். கப்பலில் இருக்கும்போது ஐந்து நிமிஷத்தில் தீரும் வழக்கு, கரைக்கு வந்தபின் ஐந்து வாரம் இழுக்கும்.

மூன்று: ஹோல்டு மெசேஜ்களை அழிக்காதீர்கள். தேதி, தொகை, அனுமதி எண் மூன்றும் கையில் இருந்தால் வங்கியில் பேச்சு எளிது. கப்பல் நிறுவனத்திடம் அந்த எண்ணைக் குறிப்பிட்டு "இந்தத் தொகையை விடுவிக்கச் சம்மதம்" என்று எழுத்தில் வாங்கி வங்கிக்கு அனுப்பினால், கெடுவுக்கு முன்பே விடுவிக்க வாய்ப்பு உண்டு.

நான்கு: பெண்டிங் தொகைமேல் தகராறு மனு போட இயலாது. இரண்டு தொகையும் உண்மையாகவே கணக்கில் ஏறிவிட்டால் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

ஐந்து: அவசரத்துக்கென்று வேறொரு கார்டோ ரொக்கமோ தனியாக வைத்திருங்கள். திரும்பி வந்தவுடன் கார்டை ரத்து செய்தாலும், வெளிநாட்டு உபயோகத்தை நிறுத்தினாலும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பில் வந்தே தீரும். அதற்காக அவசரப்பட வேண்டாம்.

ஆறு: "உங்க ஹோல்டை நாங்க எடுத்துத் தர்றோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ஹோல்டை விடுவிக்க ஓ.டி.பி. தேவையே இல்லை. ஏமாந்தது தெரிந்தால் அடுத்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் இன்னும் கப்பல் ஏறவில்லை. ஆனால் முதல் சம்பளம் வந்த மாதமே கார்டு விற்க ஆள் வந்துவிடுவார். பெங்களூர் ஓட்டலில் ரூம் போடும்போதும், வாடகைக்குக் கார் எடுக்கும்போதும் இதே ஹோல்டு உங்களுக்கும் வரும். கார்டில் எழுதியிருக்கும் லிமிட் வேறு, இன்று கையாளக்கூடிய தொகை வேறு. ஆபத்து வரும் நாளில் உதவுவது இரண்டாவதுதான். வெளியூர் கிளம்பும் முன்னும், திரும்பி வந்த பின்னும் அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பசி நேரத்தில் உங்களைப் பிடித்து வைத்திருந்தேன், இப்போது விடுவிக்கிறேன்.