சொட்டும் எண்ணெயும் சிறு பேக்கிங்கும்



கொல்கத்தா என்றதும் மஞ்சள் நிற அம்பாசிடர் டாக்சி நினைவுக்கு வரும். கொல்கத்தாவுக்கு வடக்கே, ஊக்ளி ஆற்றங்கரையில் உத்தர்பாரா என்ற ஊர் இருக்கிறது. அங்கே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் இந்தக் கார் தயாரானது. 2014ஆம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நின்றது. இருக்கும் வண்டியைப் பேணித்தான் ஓட்ட வேண்டும்.

ஓர் ஓட்டுநர் காலையில் வண்டியை எடுக்கிறார். தரையில் எண்ணெய்த் துளிகள். பானெட்டைத் திறக்கிறார். இன்ஜின் பக்கவாட்டில் கறுப்பாக எண்ணெய் வழிந்திருக்கிறது. கருகிய வாடை வருகிறது. என்ன காரணம்?

இன்ஜினின் தலையில் வால்வுகள் உள்ளன. அவை தேயாமல் இயங்க எண்ணெய் மேலே வந்துகொண்டே இருக்கும். அது வெளியே தெறிக்காமல் ஒரு மூடி காக்கிறது. மெக்கானிக்குகள் அதை டேப்பட் கவர் என்பார்கள். மூடிக்கு அடியில் தக்கையால் ஆன பேக்கிங் இருக்கும். குக்கர் மூடிக்கு ரப்பர் வளையம் எப்படியோ, இதுவும் அப்படியே. பல ஆண்டுச் சூட்டில் தக்கை காய்ந்து வெடிக்கும். எண்ணெய் கசியும்.

சின்னக் கசிவுதானே என்று விடலாமா? கூடாது. சூடான புகைக்குழாயில் எண்ணெய் விழுந்தால் புகையும், தீயும் பிடிக்கலாம். எண்ணெய் குறைந்தால் இன்ஜினே கெட்டுவிடும். பேக்கிங்குக்கு ஆகும் செலவு சிறிது. இன்ஜின் போனாலோ பல நாள் வருமானம் போகும்.

"நட்டை இறுக்கினால் போதும்" என்பார்கள் சிலர். இது தவறு. அதிகம் இறுக்கினால் தக்கை நசுங்கும். மூடி வளையும். கசிவு கூடும்.

சரியான முறை இதுதான். இன்ஜின் ஆறட்டும். மூடியின் மேலுள்ள நட்டுகளைக் கழற்றுங்கள். பழைய வகை இன்ஜினில் இரண்டு நட்டுகளே இருக்கும். மூடியை மெல்லத் தூக்குங்கள். பழைய தக்கையை முழுவதும் சுரண்டி எடுங்கள். தூள் இன்ஜினுக்குள் விழக்கூடாது. இரண்டு பரப்பையும் சுத்தமான துணியால் துடையுங்கள். புதிய பேக்கிங்கைப் பிசகாமல் வையுங்கள். நட்டின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். நட்டுகளை மாறி மாறி, சிறிது சிறிதாக முடுக்குங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள்.

மீண்டும் கசிகிறதா? இன்ஜின் மூச்சுவிடும் குழாய் அடைத்திருக்கலாம். உள்ளே அழுத்தம் கூடி எண்ணெயை வெளியே தள்ளும். அதைச் சுத்தம் செய்யுங்கள்.

கொல்கத்தாவில் பழைய வண்டிச் சாமான்களுக்கு மல்லிக் பஜார் பேர்போனது. எந்த ஊர்க் கடையானாலும், கழற்றிய பேக்கிங்கைக் கையோடு கொண்டுபோங்கள். அம்பாசிடரில் பெட்ரோல், டீசல் என்று பல வகை இன்ஜின்கள் வந்தன. உறையில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். உங்கள் இன்ஜினுக்கு உரியதுதானா என்று பாருங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

வேலை முடிந்ததும் தேதியை நோட்டில் குறியுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தினமும் எண்ணெய் அளவுக் கம்பியைப் பாருங்கள். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். அந்தக் கோடுகளைப் படிப்பதும் படிப்புதான். அந்தப் படிப்பு வண்டியைக் காக்கும். வண்டி குடும்பத்தைக் காக்கும்.