முதல் வாக்குமூலத்துக்கு முன்னே சட்டத்தரணி வேண்டும்



நம்மவரிடையே விசித்திரமான வழக்கம் ஒன்றுண்டு. எல்லைவேலி ஒரு முழம் நகர்ந்துவிட்டால், கிணற்றுப் பங்கிலே ஒரு நாள் முறை தவறிவிட்டால், நாம் வாளாவிருப்பதில்லை. நீதிமன்றம் ஏறுகிறோம். அங்கே தோற்றால் மேன்முறையீடு செய்கிறோம். காணியின் விலையிலும் வழக்கின் செலவு மிகுந்தாலும் சட்டத்தரணியைக் கைவிடுவதில்லை. எமது தொழிலினர் பலர் இவ்வேலி வழக்குகளாலே வாழ்ந்தனர் என்பதை மறைப்பானேன்? ஆனால், அதே குடும்பத்துப் பிள்ளை உயிருக்கு அஞ்சிக் கடல் கடந்து, அந்நிய அரசின் அதிகாரி முன்னிலையில் புகலிடம் கோரி அமரும்போது, அவன் அருகே சட்டமறிந்தவர் எவரும் இருப்பதில்லை. வேலிக்கு மூன்று நியாயவாதிகள், உயிருக்கு ஒருவருமில்லை!

புகலிடம் கோருவது பிச்சை கேட்பதன்று. 1951-ஆம் ஆண்டு யூலை 28-ஆம் நாள் ஜெனீவாவிலே நிறைவேறிய அகதிகள் உடன்படிக்கையும், அதன் எல்லையை விரித்த 1967-ஆம் ஆண்டு நெறிமுறையும் அதனை ஓர் உரிமை வழக்காக ஆக்கின. இனம், மதம், தேசியம், குறித்த ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்னும் அச்சம், தக்க ஆதாரமுள்ள அச்சமாக, இருத்தல் வேண்டும். அத்தகையவரை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பலாகாது என்கிறது 33-ஆம் உறுப்புரை. கடனும் வேலையின்மையும் இவ்வைந்தில் அடங்கா. இதனை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் வழக்கறிஞரே நல்ல வழக்கறிஞர். ஆயினும், நமது பிள்ளைகளிலே உண்மையாகவே வதைபட்டவர்கள், தடுப்பிலே கிடந்தவர்கள், தேடப்படுகிறவர்கள் கூடத் தோற்றுத் திரும்புகிறார்களே, அது எதனால்?

ஏஜென்சிக்காரரை எண்ணிப் பாருங்கள். பத்துப் பரப்புத் தோட்டக் காணியை ஈடு வைத்து அவர் கையிலே பணத்தைக் கொடுக்கிறோம். அவர் பயணச்சீட்டுடன் ஒரு கதையையும் சேர்த்து அனுப்புகிறார். அதே கதையை முன்னர் சென்ற பலருக்கும் அவர் விற்றிருப்பார். நாள்தோறும் இத்தகைய கதைகளைக் கேட்கும் அதிகாரி நம்மிலும் அறிவு குறைந்தவரல்லர். மெய்யான வடுவை உடலிலே தாங்கிச் சென்றவன், இரவல் கதையைச் சொல்லிப் பொய்யனாகிறான். பின்னர் உண்மையைச் சொன்னாலும் அது இரண்டாவது கதையாகவே எண்ணப்படும்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே முதலில் ஒரு குறுகிய விசாரணை நடைபெறும்: பெயர் என்ன, எவ்வழியாக வந்தாய், ஏன் வந்தாய் என்பன. பின்னர் ஒருநாள் நீண்ட விசாரணை. களைப்பினாலும் அச்சத்தினாலும் முதல் நாளிலே ஒன்றை மறைத்தவன், இரண்டாம் நாளில் அதனைச் சொன்னால், “அன்று ஏன் சொல்லவில்லை?” என்ற கேள்வி அவன் கழுத்தில் விழும். மறுப்புக் கடிதங்களின் பெரும்பகுதி இவ்வாறான முரண்பாடுகளினாலேயே நிரம்புகிறது. ஆதலாற்றான் முதல் வாக்குமூலத்துக்கு முன்னரே சட்டத்தரணி வேண்டும் என்கிறோம்; மறுப்பு வந்தபின் ஓடுவது வெள்ளம் போனபின் அணை கட்டுவதாகும். சொல்வது கொழும்புக்குப் போய்விடுமோ என்று அஞ்சி மறைப்பவரும் உளர். புகலிட வழக்கிற் கூறியதைச் சொந்த நாட்டு அரசுக்கு அறிவிக்கலாகாது என்பது விதி. இதனை எடுத்துச் சொல்லவும் ஒருவர் வேண்டாமா?

மொழியின் தொல்லை வேறு. “இயக்கம்” என்ற ஒரு சொல்லை நம்மூரார் எப்பொருளிற் சொல்கிறோம் என்பது எல்லா மொழிபெயர்ப்பாளருக்கும் விளங்காது. “கதைத்தேன்” என்றால் நமக்குப் பேசினேன். வேறு தேசத்துத் தமிழ் பேசுபவர் அச்சொல்லிலே இடறலாம். “தை மாதம் பிடித்தார்கள்” என்கிறாள் ஒரு தாய். நாம் பேச்சிலே சனவரியைத் தை என்கிறோம். பஞ்சாங்கத்துத் தையோ சனவரி நடுவிலே தொடங்கிப் பெப்ரவரியிலும் செல்கிறது. அதிகாரியின் தாளிலே அது பெப்ரவரி ஆகிவிட்டால் ஒரு முரண்பாடு பிறந்துவிடும். மொழி விளங்காவிடில் மொழிபெயர்ப்பாளரை மாற்றுமாறு கேட்கலாம். பெண்கள் தமக்கு நேர்ந்த கொடுமையைப் பெண் அதிகாரியிடமே கூற விரும்புவதாகச் சொல்லலாம்.

பணமில்லையே என்பீர்கள். சுவிற்சர்லாந்திலே 2019 மார்ச் 1 முதல், சமஷ்டிப் புகலிட நிலையங்களில் தொடக்கத்திலிருந்தே இலவசமாகச் சட்டப் பிரதிநிதி கொடுக்கப்படுகிறார். சமஷ்டி என்னும் சொல்லைக் கேட்டதும் உங்களிற் சிலர் புன்னகைப்பது தெரிகிறது! இங்கிலாந்திலே வசதியற்றவரின் புகலிட வழக்குக்கு அரசின் சட்ட உதவி உண்டு. வழக்கறிஞர் போதாமையால் அலைய நேரலாம், அலைந்தேனும் பெறவேண்டும். அங்கே தகுதியும் பதிவும் இல்லாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடைப் பின்னறையிலே இருந்து படிவம் நிரப்பும் “அண்ணர்” எவ்வளவு நல்லவராயினும் அவரிடம் உயிரை ஒப்படைக்க வேண்டாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் சட்ட உதவி உண்டு. அந்நாட்டிலே புகலிடம் கோருவோரை நேரில் அழைத்து வாய்மொழியாகக் கேட்டே தீரவேண்டும் என்ற நிலை, பெரும்பாலும் சீக்கியரான சிலர் தொடுத்த வழக்கிலே 1985-இல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் உறுதியாயிற்று.

தவணைகளையும் கேளுங்கள். மறுக்கப்பட்டால் இங்கிலாந்திலே மேன்முறையீட்டுக்கு 14 நாள். கனடாவிலே மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்க 15 நாள். சுவிற்சர்லாந்தின் விரைவு நடைமுறையிலே 7 வேலைநாள். நெல் விதைக்கும் பருவம் தவறினால் அடுத்த காலபோகம் உண்டு. இதற்கு இல்லை. விதிகள் மாறுவதும் உண்டாதலின், கடிதத்திலுள்ள திகதியை அன்றே சட்டத்தரணியிடம் காட்டுதல் வேண்டும்.

சட்டத்தின் துணை எவ்வளவு செய்யும் என்பதற்கு நமது சரித்திரமே சாட்சி. 1987 டிசம்பரில் இலண்டன் பிரபுக்கள் சபை, தமிழ் இளைஞர் சிலரின் வழக்கிலே, மனத்திலே அச்சம் இருந்தால் மட்டும் போதாது, ஆபத்து நேரக்கூடிய நியாயமான சாத்தியம் வெளியேயும் இருத்தல் வேண்டும் என்று தீர்த்தது. 1988 பெப்ரவரியில் அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆயின் அவர்களுடைய வழக்கறிஞர்கள் கோவையை மூடவில்லை. மேன்முறையீட்டை நடத்தினர், 1989-இல் வென்றனர், ஐவர் மீண்டும் இங்கிலாந்து சேர்ந்தனர். திருப்பி அனுப்பப்பட்டபின் அவர்களுள் மூவர் துன்புறுத்தப்பட்டனர் என்பதை 1991-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றமே குறிப்பிட்டது. குறிப்பிட்டும், பிரித்தானியா மீது பிழையில்லை என்றது! 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலே நிரூபணத்தின் அளவை மேலும் இறுக்கிவிட்டது. அஞ்சுகிறேன் என்பதையும், இன்ன இனத்தவன், இன்ன கருத்தினன் என்பதையும் இல்லையென்பதிலும் ஆமென்பதே மிகுதி என்னும் அளவுக்கு இப்பொழுது காட்டவேண்டும். சட்டமறியாதவன் இதனை எங்ஙனம் அறிவான்?

இன்னொரு தமிழர் உடலிலே சூட்டுக் கம்பியின் வடுக்கள். வேண்டுமென்றே பிறரைக்கொண்டு போடுவித்த வடுக்களாயிருக்கலாம் என்று தீர்ப்பாயம் ஐயுற்றது. 2019 மார்ச்சில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவ்வைத்திய அறிக்கைக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை என்று கண்டு வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. வடு தானாகப் பேசாது. தகுந்த வைத்தியரிடம் அனுப்பி அதனைப் பேசச் செய்தவர் வழக்கறிஞரே.

டியாகோ கார்சியாவை மறத்தலாகுமா? 2021 ஒக்டோபரில் நீர் புகுந்த படகிலே தத்தளித்த 89 தமிழர் அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். இந்து சமுத்திரத்தின் நடுவே, படைத்தளத்தின் ஓரத்தில், வேலியடைத்த கூடாரங்களிலே மூன்றாண்டுகள் கிடந்தனர். புகலிடக் கோரிக்கை எதனையும் முன்பு கண்டிராத தீவு அது. இலண்டன் வழக்கறிஞர்கள் விடாது வாதாடினர். 2024 டிசம்பரிலே அத்தடுத்துவைப்பு சட்டவிரோதம் என்று அப்பிரதேசத்து நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எஞ்சியிருந்தோரிற் பெரும்பாலோர் பிரித்தானியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

இனி இங்கிருக்கும் நமது கடமை. பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, நீதிமன்றக் கட்டளை, தடுப்பிலிருந்தபோது செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த சான்று, வைத்தியசாலைச் சீட்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றைக் கறையான் தின்ன விடாதீர்கள். ஆனால், பிள்ளை புகலிடம் கேட்டிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் பத்திரம் கேட்கப் போவது பேதைமை. எது தேவை, எவ்வழியிற் பெறுவது என்பதை அங்குள்ள வழக்கறிஞர் எழுதிக் கேட்கட்டும்.

சமாதான நீதவான்களுக்கும், கிராம உத்தியோகத்தருக்கும், வைத்தியருக்கும், எமது தொழிலினருக்கும் ஒரு வார்த்தை. ஒரே அச்சிலே வார்த்த கடிதங்களை இரக்கத்தினாலோ ஐந்நூறு ரூபாவுக்காகவோ எழுதிக் கொடுக்கிறோமே, அவற்றை வெளிநாட்டுத் தூதரகம் சரிபார்த்துப் பொய்யெனக் கண்டால், அடுத்து வரும் மெய்யான கடிதத்தை யார் நம்புவர்? நேரிற் கண்டதை மட்டும், கண்ட நாளையும் இடத்தையும் குறித்து, சத்தியக் கடதாசியாக எழுதுவோம். எமது அலுவலகத்துக்கு வருவோர் மூலப் பத்திரங்களுடன் வருக. அவற்றை வாசித்து, பிரதி எடுத்து, அங்குள்ள வழக்கறிஞருக்கு அனுப்பக் கட்டணமின்றி உதவுவோம். நடவாததை நடந்ததாக எழுதித் தரமாட்டோம்.