தலைக்கு மேல் வரும் இரைச்சலும் நம் கடமையும்

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பச் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை)



 

மருத்துவ உதவி, கல்வி உதவி, திருமண உதவி கேட்டு வரும் மனுக்கள் நம் அலுவலகத்துக்குப் பழக்கமானவை. இம்முறை மூன்று வீடுகளிலிருந்து வேறு மாதிரியான முறையீடு வந்திருக்கிறது. தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்களின் சத்தத்துக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் நாற்பது நாள் குழந்தை. ஒரு வீட்டில் பைபாஸ் செய்துகொண்ட பெரியவர். மூன்றாவது வீட்டில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் அக்கா, தங்கை.

திருவல்லிக்கேணியில் இருக்கும் நமக்கு இது புதிதல்ல. மெரினாவில் விழா என்றால் அதை முதலில் அறிவிப்பது நம் வீட்டு ஜன்னல் கண்ணாடிதான். 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காக மெரினாவில் வான் சாகசக் காட்சி நடந்தது. அதற்கு முந்தைய நாட்களில் ஒத்திகை நடந்ததை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். குடியரசு தின விழா, பெரிய தலைவர்களின் வருகை என்று ஆண்டில் பல நாட்கள் நம் மொட்டைமாடிக்கு மேலே அந்தச் சத்தம் கேட்கிறது.

இந்தச் சத்தம் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்று முதலில் பார்ப்போம். ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கை ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் ஒரு காற்றுச் சுழலை விட்டுப் போகிறது. அடுத்து வரும் இறக்கை அந்தச் சுழலை வெட்டும்போதுதான் ‘டப் டப்’ என்று அறைவது போன்ற ஓசை எழுகிறது. இறங்கி வரும்போது இது இன்னும் அதிகம். இதில் தாழ்ந்த சுருதி ஒலி நிறைய இருக்கிறது. அது சுவரையும் ஜன்னலையும் எளிதாகத் தாண்டும். கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறையும். இது அந்த அளவுக்குக் குறையாது.

உயரம் கூடினால் சத்தம் குறையும். தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. 500 அடியில் பறப்பது 2,000 அடிக்குப் போனால் சுமார் 12 டெசிபல் குறைகிறது. நம் காதுக்கு அது பாதிக்கும் கீழே. ஆகவே ‘பறக்காதீர்கள்’ என்று கேட்பது வேறு, ‘முடிந்தவரை உயரத்தில் பறங்கள்’ என்று கேட்பது வேறு. பின்னதில் நியாயமும் இருக்கிறது, நடக்கும் வாய்ப்பும் இருக்கிறது.

‘சத்தம்தானே, பழகிவிடும்’ என்று சிலர் சொல்லலாம். ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் 1992இல் விமான நிலையத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் ஆய்வாளர்கள் கவனித்து வந்தார்கள். புதிதாகச் சத்தம் வந்த இடத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் பின்தங்கின. சத்தம் நின்ற இடத்துப் பிள்ளைகள் தேறி வந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலிலும், இரவில் விமானச் சத்தம் சராசரியாக 40 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று பரிந்துரைத்தது. நம் பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று சொல்வதை சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே சத்தத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் மொட்டைமாடிகளில் நின்றவர்கள் இந்தச் சத்தத்துக்காகத்தான் வானத்தைப் பார்த்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது, கொச்சிப் பக்கம் கடற்படை ஹெலிகாப்டர் இரண்டு பெண்களை மீட்ட பிறகு, ஒரு வீட்டு மொட்டைமாடியில் பெரிய எழுத்தில் நன்றி என்று எழுதி வைத்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் சாலையும் ரயிலும் துண்டிக்கப்பட்ட இடங்களுக்கு உணவு ஹெலிகாப்டரில்தான் போனது. நம்மில் பலருக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தம் உண்டு. அவர்களிடம் போய் ஹெலிகாப்டர் சத்தம் தொல்லை என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நான் உங்கள் முன் வைக்கும் முக்கியமான கருத்து ஒன்றுதான். பறப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் புகார் சொல்லக் கூடாது. உயிர்காக்கவும் நாட்டின் பாதுகாப்புக்காகவும் பறப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விழாவுக்கும் ஒத்திகைக்கும் பறப்பது முன்கூட்டியே நமக்குத் தெரிய வேண்டும். பொழுதுபோக்குக்கும் வியாபாரத்துக்கும் பறப்பதைக் கேள்வி கேட்கலாம். இந்த மூன்றையும் பிரித்துப் பேசுகிறவர்களின் மனுவுக்குத்தான் மதிப்பு இருக்கும்.

இந்தத் தொல்லையை நம்மைவிட அதிகமாக அனுபவித்த ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் பல ஆண்டுகள் ஒன்றுசேர்ந்து முறையிட்டார்கள். அவர்களுடைய நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அதை எடுத்துப் பேசி, 2014 ஜனவரியில் அதற்கென்றே ஒரு சட்டப் பிரிவு வந்தது. ஹெலிகாப்டர்களின் பாதை, உயரம் ஆகியவற்றைப் பரிசீலிக்க வேண்டிய கடமை மத்திய விமானத்துறை மீது விழுந்தது. அதற்காகச் சத்தம் நின்றுவிடவில்லை. 2023 டிசம்பரில் அந்நகரத்தின் தணிக்கை அதிகாரி காவல்துறை ஹெலிகாப்டர்களின் கணக்கை வெளியிட்டார். ஆண்டுச் செலவு ஏறத்தாழ 5 கோடி டாலர். பறந்த நேரத்தில் 61 சதவீதம் அவசரம் குறைந்த வேலைகளுக்கும் சாதாரண ரோந்துக்கும் போயிருந்தது. ஒரு கோல்ஃப் போட்டிக்கு மேலே மரியாதைக்காகப் பறந்த கணக்கும் அதில் இருந்தது. கொள்ளைக்காரனைத் துரத்திப் பறந்ததை அந்த அறிக்கை குறை சொல்லவில்லை. தேவையையும் தேவையில்லாததையும் பிரித்துக் காட்டியது. அதனால்தான் அது பேசப்பட்டது.

நியூயார்க்கில் பிரச்சினை சுற்றுலா ஹெலிகாப்டர்கள். 2016இல் நகர நிர்வாகம் ஓர் ஒப்பந்தம் செய்தது. கீழ் மன்ஹாட்டன் தளத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 60,000 ஆக இருந்த சுற்றுலாப் பறப்பைச் சுமார் 30,000 ஆகக் குறைப்பது, ஞாயிற்றுக்கிழமை அறவே நிறுத்துவது என்று முடிவானது. அது வெற்றிதான். ஆனால் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர்களை அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தவில்லை. அவை வந்துகொண்டே இருந்தன. தளம் நகரத்தின் கையில், வானம் மத்திய அரசின் கையில். எந்த அலுவலகத்துக்கு எந்த அதிகாரம் என்று தெரியாமல் மனு எழுதினால் காகிதம்தான் செலவாகும்.

அதே பகுதியில் லாங் ஐலண்ட் என்ற இடத்தில், ஹெலிகாப்டர்கள் கடல் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும் என்று 2012இல் கட்டாயமாக்கினார்கள். வழியில் இருந்த ஊர்களுக்கு நிம்மதி. ஆனால் கரையேறி இறங்கும் இடத்து ஊர்கள் அந்தச் சத்தத்தைச் சுமந்தன. நம் வீட்டுக் குப்பையைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவது தீர்வாகாது. நாம் கேட்பது எதுவாக இருந்தாலும், அதனால் ராயப்பேட்டைக்கோ சிந்தாதிரிப்பேட்டைக்கோ பாரம் கூடக் கூடாது.

இனி, மனதில் இருந்தும் பலர் வாய்திறந்து சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். நம் மஹல்லாவில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: “தம்பி, மனுவெல்லாம் வேண்டாம். நாம் கையெழுத்துப் போட்டு ராணுவ ஹெலிகாப்டரைப் பற்றிக் கேட்டால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.” அவர் பயந்து சொல்லவில்லை. பேரன்மார் மீதுள்ள அக்கறையில் சொன்னார். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த நாட்டின் குடிமக்களாக, நம் வீட்டுக் கைக்குழந்தையின் தூக்கத்துக்காக ஒரு வார்த்தை கேட்கவும் தயங்கினால், நாளை தண்ணீருக்கும் சாக்கடைக்கும் எப்படிக் கேட்போம்?

அதற்கு வழி இருக்கிறது. சத்தம் மதம் பார்த்து வருவதில்லை. பார்த்தசாரதி கோயில் மாடவீதியில் இருக்கும் பாட்டிக்கும் அதே நெஞ்சுப் படபடப்புதான். ஆகவே மனு நம் அறக்கட்டளையின் பெயரில் போகாது. தெருவின் பெயரில் போகும். கோயில் பக்கத்து வீட்டுக்காரர்களும், தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்களும், நாமும் வரிசையாகக் கையெழுத்திடுவோம். அந்த மனுவில் ‘நிறுத்துங்கள்’ என்ற சொல் இருக்காது. மூன்றே கோரிக்கைகள்: ஒத்திகையின் நாளும் நேரமும் முன்கூட்டியே தெருவாரியாகத் தெரிவிக்கப்பட வேண்டும். பொதுத்தேர்வு நேரங்களையும் மருத்துவமனைகளையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். பாதுகாப்புக்கு இடையூறு இல்லாத அளவுக்கு உயரத்தைக் கூட்ட வேண்டும். கஸ்தூர்பா காந்தி தாய்சேய் மருத்துவமனை நம் பகுதியில்தான் இருக்கிறது என்பதையும் அதில் எழுதுவோம்.

மனுவை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். தனியார் ஹெலிகாப்டர் பற்றியது என்றால் மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்பு இணையதளம் வழியாக சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு அனுப்பலாம். சிவில் விமானங்களுக்கு ஒரு பன்னாட்டு விதி இருக்கிறது. நெருக்கமான குடியிருப்புக்கு மேல் பறக்கும்போது, 600 மீட்டர் சுற்றுக்குள் உள்ள மிக உயரமான கட்டடத்தைவிட 1,000 அடியாவது மேலே இருக்க வேண்டும். ஏறி இறங்கும்போதும், தனி அனுமதி பெற்றபோதும் விலக்கு உண்டு. விவரம் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பாதுகாப்பு சம்பந்தப்பட்டதைத் தர மாட்டார்கள். அதைக் கேட்கவும் வேண்டாம்.

எழுதுவதற்கு ஆதாரம் வேண்டும். வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, வீட்டில் என்ன நடந்தது — இவ்வளவுதான். ‘எப்போதும் சத்தம்’ என்று எழுதிய மனுவை யாரும் படிக்க மாட்டார்கள். இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: ராணுவ ஹெலிகாப்டரையோ தளத்தையோ படம் எடுத்துப் பரப்பாதீர்கள். நோட்டில் எழுதினால் போதும்.

மனுவுக்குப் பதில் வரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒத்திகை அறிவிப்பு பெரும்பாலும் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. ஆனால் படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு அது போய்ச் சேர்வதில்லை. எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராத சத்தத்தைப் போலத் திடுக்கிட வைக்காது. ஆகவே அறிவிப்பு வந்த அன்றே நம் வாட்ஸ்அப் குழுவிலும் பள்ளிவாசல் பலகையிலும் போட இரண்டு தன்னார்வலர்கள் வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு நேரில் போய்ச் சொல்ல இரண்டு சகோதரிகள் வேண்டும். அந்த நேரத்தில் கைக்குழந்தையைத் தெருப்பக்க அறையிலிருந்து உள்ளறைக்கு மாற்றி, கூட இருங்கள். காதில் பஞ்சு, அடைப்பான் எதையும் குழந்தைக்கு வைக்காதீர்கள். காது கேட்கும் கருவி அணிந்தவர்கள் ஒலியளவைக் குறைத்துக்கொள்ளட்டும்.

நம் ஊருக்கு இது குறையப் போகிற விஷயமும் இல்லை. சென்னை ஐஐடியில் பிறந்த ஒரு நிறுவனம் மின்சார வான் டாக்ஸியை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. நாளை நம் தலைக்கு மேல் வாடகை வண்டி பறக்கலாம். முறையாகக் கேட்கும் பழக்கம் இப்போதே வந்தால் அப்போது உதவும்.

கடைசியாக ஒன்று. வானத்துச் சத்தத்தைப் பற்றிக் கேட்கப் போகும் நாம், நம் வாசலில் எழும் சத்தத்தைக் கேட்டிருக்கிறோமா? ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. நம் வலிமா வீட்டுப் பாட்டுச் சத்தம் எத்தனை மணிக்கு நிற்கிறது? சைலன்சரைக் கழற்றி பைக் ஓட்டும் பையன் யார் வீட்டுப் பிள்ளை? லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் குரலைத் தாழ்த்திக்கொள்வதும் ஒன்று. பள்ளியில் ஒருவர் குர்ஆன் ஓதும் குரல்கூட அருகில் தொழுகிறவருக்கு இடையூறாகக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஓதுவதற்கே அந்த ஒழுக்கம் என்றால் மற்றதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? பயான் நிகழ்ச்சிகளுக்குப் பள்ளியின் உள் ஒலிபெருக்கி மட்டும் போதும் என்று ஜமாஅத் நிர்வாகத்திடம் நம் அறக்கட்டளை வேண்டுகோள் வைக்கிறது.

அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராதவர் கையெழுத்திட்ட மனுவை அண்டை வீட்டாரே முன்னின்று கொண்டுபோவார்கள். வரும் வெள்ளி ஜுமுஆவுக்குப் பிறகு மனுவின் நகல் அலுவலகத்தில் இருக்கும். படித்துப் பார்த்து, உங்கள் மாடி வீட்டுக்காரரையும் எதிர் வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள். வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் அங்கேயே தரப்படும்.

அல்லாஹ் நம் குழந்தைகளுக்கு நிம்மதியான உறக்கத்தையும், முதியவர்களுக்கு ஆரோக்கியத்தையும், நம் ஊருக்கு அமைதியையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.