ஓய்விலும் ஓயாத மூளை



‘சும்மாதான் இருக்கிறேன்’ என்று நாம் அன்றாடம் சொல்லுகிறோம். கையும் காலும் சும்மா இருக்கலாம். மூளை அங்ஙனம் இருப்பதில்லை. உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள இவ்வுறுப்பு, நாம் கண்மூடிச் சாய்ந்திருக்கும்போதும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. கடினமான கணக்கைப் போடத் தொடங்கினாலும் அச்செலவு சிறிதளவே கூடும்.

ஓய்வில் மூளை செய்வதுதான் என்ன? 1995-இல் பாரத் பிஸ்வாலும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டு ஆராய்ந்தனர். அசையாது படுத்திருப்பவர் மூளையிலும், உடலை இயக்கும் இருபக்கப் பகுதிகள் ஒன்றோடொன்று இசைந்து ஏறி இறங்குவதைக் கண்டனர். 2001-இல் மார்க்கஸ் ரெய்க்கில் குழுவினர், வேலையில் ஈடுபடும்போது அடங்கி, ஓய்வில் மேலோங்கும் பகுதிகளை விளக்கினர். அவற்றின் கூட்டை ஓய்வுநிலை வலையம் எனலாம். பழைய நினைவு, நாளைய திட்டம், தன்னைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றில் இதற்குப் பெரும் பங்குண்டு.

மனச்சோர்வு நோயில், ‘நான் எதற்கும் உதவேன்’ என்ற எண்ணம் செக்குமாடுபோல் சுற்றிவரும். அச்சுழற்சியில் இவ்வலையத்துக்குத் தொடர்புண்டு என ஆய்வாளர் கருதுகின்றனர். மனச்சிதைவு நோயில், வேலையில் இறங்கிய பின்னும் இது தக்கபடி அடங்குவதில்லை எனப் பல ஆய்வுகள் காட்டின. ஆயினும் இவை பலரை ஒருங்கே ஒப்பிட்டுக் கண்டவை. முடிவுகளும் எங்கும் ஒன்றுபோல் இல்லை. ஒருவருடைய படத்தை மட்டும் பார்த்து மனநோயைத் தீர்மானிக்க இன்று இயலாது. படத்தில் குறை காணவில்லையென்று அவர் துன்பத்தைப் பொய்யென்பதும் முறையன்று.

புனே நகரில் கிர்கீ, பிம்ப்ரி ஆலைகளையும் ஹிஞ்சவாடிக் கணினி நிறுவனங்களையும் நாடிவந்து, தனியறையில் வாழும் தமிழர் பலர். அவருள் ஒருவர் உறக்கமும் உணவும் இழந்து வாடினால், ‘நாலு நாள் சும்மா இரு, சரியாகிவிடும்’ என்கிறோம். தன் எண்ணமே தன்னை அரிக்கும் நிலையில், தனிமையில் கிடப்பது மருந்தாகுமா? சிறு சிறு செயல்களில் மெல்ல ஈடுபடுத்துவதும் மனச்சோர்வுக்குரிய மருத்துவ முறைகளுள் ஒன்றாகும். அவரோடு நாம் பேச வேண்டும். மருத்துவரிடம் உடன் செல்ல வேண்டும்.

ஏரவாடாவில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையைக் கட்டணமின்றி 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். அச்சேவை நடைபெறும் மொழிகளுள் தமிழும் ஒன்று. மராத்தியில் மனத்துயரைச் சொல்ல நா எழாதவர், தமிழில் பேசக் கேட்கலாம். காய்ச்சல் கண்டால் மருத்துவரை நாட நாணாத நாம், இதற்கு மட்டும் நாணுவானேன்?