கக்குவானும் நம் குடிபெயர்ந்த இல்லங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசையும் நாடகமும் காண வந்த அவையில் நோயைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம், பொறுத்தருள வேண்டும். முன்வரிசையிலேயே தாயின் மடியில் உறங்கும் கைக்குழந்தைகள் சிலரைக் காண்கிறோம். அவர்களை முன்னிட்டே இப்பேச்சு.

கக்குவான் இருமல் என்னும் பெயரை நம் பாட்டிமார் நன்கறிவர். குழந்தை இருமி இருமி, மூச்சு முட்டி, முகம் கன்றி, இறுதியில் உண்ட பாலையெல்லாம் கக்கிவிட்டு ஓயும், அதனாலேயே அப்பெயர். இருமல் ஓய்ந்து காற்றை உள்ளிழுக்கும்போது 'ஊப்' என்றோர் ஓசை எழும். சீனரும் சப்பானியரும் இதனை 'நூறு நாள் இருமல்' என்பர். அதுவும் மிகையன்று; வாரக்கணக்கில் அன்று, மாதக்கணக்கில் நீடிக்கும் துன்பம் இது.

இதனை உண்டாக்கும் நுண்கிருமியை 1906ஆம் ஆண்டில் பிரசல்ஸ் நகரில் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் போர்டே, ஜெங்கு என்னும் இரு அறிஞர்கள். மூச்சுக்குழலின் உட்சுவரில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றைப் பற்றிக்கொண்டு கிருமி நஞ்சைக் கக்குகிறது. நஞ்சு செய்த கேட்டினால், கிருமி மடிந்த பின்னரும் இருமல் மட்டும் நிற்பதில்லை. மருந்து கொடுத்தும் இருமல் ஓயவில்லையே என்று பெற்றோர் மருத்துவரை நொந்துகொள்வது இதனாற்றான். அம்மருந்து தொடக்கத்திலேயே கொடுக்கப்பட்டால் நோயின் கடுமை குறையும்; பிந்திக் கொடுத்தால் பிறர்க்குப் பரவுவதைத் தடுக்குமேயன்றி இருமலை உடனே நிறுத்தாது. தொடக்கமோ வெறும் சளி போலவே தோன்றும். மூக்கொழுகும், சிறிது தும்மல் வரும், அவ்வளவே. மிகுதியாகப் பரவும் காலமும் அதுவே. காப்பில்லாத கூட்டத்தில் நோயுற்ற ஒருவர் பன்னிரண்டு முதல் பதினேழு பேர்க்கு இதனைத் தரவல்லவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பெரியவர்கட்கு இது வருமா என்று கேட்பீர்கள். வரும். தடுப்பூசியால் பெற்ற காப்பும், ஏன், நோய் வந்து போனதால் பெற்ற காப்புமேகூட, ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்துவிடும். பெரியவர்கட்கு 'ஊப்' ஓசை பெரும்பாலும் எழாது. "ஊர் மாறிய தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை", "தூசி சேரவில்லை" என்று சொல்லிக்கொண்டு ஒரு மாதம் இருமிக்கொண்டிருப்பார்கள். கொண்டாப்பூரில் கட்டடப் பணி ஓய்ந்த நாள் ஏது? ஆகவே தூசியின்மேல் பழிபோடுவது எளிது.

இனி ஓர் இல்லத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் கணவனும் மனைவியும். மகப்பேறு முடிந்து மூன்று வாரம். மதுரையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ பாட்டி வருகிறார். இரவெல்லாம் தொடர்வண்டிப் பயணம். வந்ததும் கை கால் கழுவிவிட்டுப் பேரனை வாங்கி மார்போடு அணைத்துக்கொள்கிறார். லேசான இருமல் இருக்கிறது. யார் அதைக் குற்றமாக நினைப்பார்? பத்து நாள் கழித்துக் குழந்தை இருமத் தொடங்குகிறது. சில குழந்தைகள் இருமுவதுகூட இல்லை. மூச்சு நின்று நின்று வரும், உதடு நீலம் பாயும். இப்படிப்பட்ட குழந்தையை ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கக்குவானால் இறப்போருள் மிகுதியானவர் பிறந்து சில மாதமே ஆன இத்தகைய சிசுக்களே.

அக்குழந்தைக்கு ஏன் தடுப்பூசி போடவில்லை என்று கேட்டால், போடும் வயது வரவில்லை என்பதே விடை. நம் நாட்டு அட்டவணைப்படி முதல் ஊசி ஆறாம் வாரத்தில். அடுத்தவை பத்தாம் வாரத்திலும் பதினான்காம் வாரத்திலும். பிறந்த நாளுக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையே குழந்தை வெறுங்கையோடு நிற்கிறது. அதனைக் காக்கத் தாயின் குருதி ஒன்றே உண்டு. கருவுற்ற 27 முதல் 36 வாரங்களுக்குள் தாய்க்கு 'டிடாப்' என்னும் ஊசியைப் போட்டால், அவள் உடலில் எழும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சேர்கிறது. இங்கிலாந்தில் 2012 அக்டோபரில் இம்முறை தொடங்கியது. இளஞ்சிசுக்களிடம் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு காப்புக் கிட்டியதாக ஆய்ந்து கண்டார்கள். அதே இங்கிலாந்தில் 2024இல் சுமார் 15,000 பேரை இந்நோய் பற்றியது. 11 சிசுக்கள் மாண்டன. கருவுற்ற தாய்மார் ஊசி போட்டுக்கொள்வது அதற்கு முந்திய ஆண்டுகளில் குறைந்திருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை நம் இளந்தாய்மார் கருத வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கருவுற்றோர்க்கு இடப்படும் 'டிடி' ஊசி இரண நோயையும் தொண்டை அடைப்பானையும் மட்டுமே தடுப்பது. அதில் கக்குவான் மருந்து இல்லை. ஒன்று போட்டாயிற்றே என்று இருந்துவிடலாகாது. மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு கருவுறுதலிலும் கேளுங்கள்.

இத்தடுப்பு மருந்து வந்த வரலாறு தனியே ஒரு மாலைப் பொழுதுக்கு உரியது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்டு ராபிட்ஸ் நகரில் பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் இரு பெண்மணிகள் அரசு ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தனர். இருவரும் இளமையில் கக்குவானுக்கு ஆளாகிப் பிழைத்தவர்கள். 1932ஆம் ஆண்டில், பகல் வேலை முடிந்த பின்னர், வேலையிழந்து வாடிய குடும்பங்களின் வீடுகளுக்கு நடந்தார்கள். மண்ணெண்ணெய் விளக்கொளியில், இருமும் குழந்தையின் வாய்முன் ஒரு தட்டைப் பிடித்துக் கிருமியைச் சேர்த்தார்கள். 1934இல் தொடங்கிய தங்கள் முதற் சோதனையில் ஊசி பெற்ற 712 குழந்தைகளுள் நால்வர்க்கே நோய் கண்டது. பெறாத 880 பேருள் 45 பேர்க்குக் கண்டது. பின்னர் லோனி கார்டன் என்னும் கறுப்பினப் பெண்மணியும் அவர்களோடு சேர்ந்து வீரியமிக்க கிருமி வகையைத் தேர்ந்தெடுக்க உதவினார். இம்மூவர் பெயரும் நம் பாடப் புத்தகங்களில் இல்லாதது எங்களுக்கு ஒரு குறையே.

அம்மருந்தே தொண்டை அடைப்பான், இரண நோய் மருந்துகளோடு கலந்து 'முத்தடுப்பு ஊசி' ஆயிற்று. நீலகிரிக் குன்னூரில் 1907இல் தோன்றிய பாஸ்டர் நிலையம் அதனைப் பல்லாண்டுகள் ஆக்கித் தந்தது. இந்த ஐதராபாத்தும் தடுப்பு மருந்துக்குப் பேர்போன நகரம். 1953இல் இங்கே தொடங்கிய பயாலஜிகல் ஈ நிறுவனம் ஐந்து நோய்களைத் தடுக்கும் 'பென்டாவேலன்ட்' ஊசியை ஆக்குகிறது. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதன்முதல் அவ்வூசி அரசுத் திட்டத்தில் சேர்ந்த மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். பிறந்த மாநிலம் முந்திக்கொண்டது. புகுந்த நகரமோ மருந்தையே ஆக்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நம் குழந்தைகள் தவறிவிடுகிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

எவ்வாறு? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். குழந்தை அங்கே பிறக்கிறது. ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி போடப்படுகிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கொண்டாப்பூர் வருகிறார்கள். அட்டை அங்கே பாட்டியின் அலமாரியில் தங்கிவிடுகிறது. இங்குள்ள செவிலி கேட்டால் எத்தனை ஊசி என்று தெரியாது. ஒன்று விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று அஞ்சியே சிலர் போவதில்லை. அவ்வச்சம் வேண்டா, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பின்பு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்றும், ஐந்து ஆறு வயதில் ஒன்றும் ஊக்க ஊசிகள். இவற்றை மறப்பவரே மிகுதி. மறந்தால் என்னாகும் என்பதற்கு வெளியூர்ச் சான்று தேட வேண்டா. 2003 முதல் 2006 வரை இந்நகரில் தொண்டை அடைப்பான் நீடித்ததை ஆராய்ந்தபோது, பள்ளி செல்லும் வயதினரும் பலராக அதற்கு ஆளாகியிருந்தனர். அதே முத்தடுப்பு ஊசி தடுக்க வேண்டிய நோய்தான் அதுவும்.

வலியில்லாத ஊசி பற்றியும் ஒரு சொல். பழைய வகை ஊசி போட்டால் தொடை வீங்கும், ஓரிரு நாள் காய்ச்சல் அடிக்கும். தனியார் மருத்துவமனையில் விலை கொடுத்து வாங்கும் புதுவகையில் அத்தொல்லை குறைவு. ஆனால் அதன் காப்பு விரைவிற் தேய்கிறது. விலை மிகுந்தது என்பதனாலேயே உயர்ந்தது என்று எண்ணுவது நம் அடுக்ககங்களில் பெருகிவரும் ஒரு பழக்கம். இரண்டில் எதுவானாலும் போடாமலிருப்பதே தீங்கு. சப்பானில் 1974–75 குளிர்காலத்தில் ஊசிக்குப் பின் இரு குழந்தைகள் இறந்தனர், மக்கள் அஞ்சினர், நூற்றுக்கு எண்பது பேர் போட்டுக்கொண்ட நிலை 1976இல் பத்தாகச் சுருங்கியது. விளைவாக 1979இல் 13,000 பேர்க்கு மேல் நோய் கண்டு 41 பேர் மாண்டனர்.

கழுதைப் பால் விற்போர் இந்நகரத் தெருக்களிலும் வருவதுண்டு. பழகிய குரல் கேட்டதும் சங்கை எடுத்துக்கொண்டு ஓடும் பாட்டிமாரை அறிவோம். அவர்கள் அன்பைக் குறை சொல்லோம்; கக்குவானை அப்பால் தடுக்காது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் தடவுவதும் தீங்கு.

தெலுங்கு நண்பர்கள் இந்நோயைக் 'கோரிந்த தக்கு' என்பர். உருது பேசுவோர் 'காலி கான்சி' என்பர். மருத்துவமனை வரிசையில் 'கக்குவான்' என்று சொல்லி விளங்காமல் திரும்பும் பாட்டிமார்க்காக இவ்விரு பெயர்களையும் இங்கே பதிவு செய்கிறோம்.

விழா முடிந்ததும் நூலக அலமாரியை அடுத்த மேசையில், தமிழும் தெலுங்கும் படிக்கத் தெரிந்த நம் உறுப்பினர் இருவர் அமர்ந்திருப்பர். ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டையைக் காட்டினால், போட்டவை எவை, விடுபட்டவை எவை என்று இங்குள்ள செவிலியர்க்கு விளங்கும்படி எழுதித் தருவர். அட்டை கையிலில்லாதோர் ஊரிலிருப்பவரிடம் சொல்லிக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். நடனம் முடிவதற்குள் வந்து சேர்ந்துவிடும்.